மற்றவை (குறிப்பிடவும்)

ஜனவரி 6, திங்கள்

இந்த டைரியை எழுதச் சொல்லி எனக்கு உத்தரவு. இருபத்தொன்பது வருட சர்வீசில் கோப்பு எழுதியிருக்கிறேன், குறிப்பு எழுதியிருக்கிறேன், மூன்று முறை மெமோவுக்கு விளக்கமும் எழுதியிருக்கிறேன். டைரி எழுதியதில்லை.

எங்கள் வீட்டு வசதி வாரியத்தின் வீடுகளை விற்றுத் தருவதற்காகச் சென்னையில் ஓர் ஆலோசனைக் கம்பெனியை அமர்த்தியிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய நிகில் என்பவர் இன்று எங்கள் கோட்ட அலுவலகத்துக்கு வந்து ஆளுக்கொரு டைரியை நீட்டினார். “தினமும் கஸ்டமரைப் பத்தி நீங்க கத்துக்கிட்ட ஒரு விஷயத்தை எழுதுங்க சார்” என்றார். வயது இருபத்தேழு இருக்கும். சாக்ஸ் போடாமல் ஷூ போட்டிருந்தார்.

இன்று கற்றது: இனிமேல் ‘விண்ணப்பதாரர்’ என்று சொல்லக் கூடாது. ‘கஸ்டமர்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

மதியம் ஒரு பயிற்சி. இளநிலை உதவியாளர் பரிமளா கஸ்டமராக நடிக்க வேண்டும், நான் அவளை வரவேற்று வீடு விற்க வேண்டும். பரிமளா வந்து வணக்கம் சொன்னாள். வருமானச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். சான்றோடு வரச்சொல்லி அனுப்பிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். நிகில் மட்டும் தட்டவில்லை.

விஷயம் இதுதான். மதுரைக்கு வெளியே செங்குளம் மேட்டில் ஒன்பது பிளாக் கட்டி நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு பிளாக்கிலும் தரைத்தளத்தில் வண்டி நிறுத்த இடம், மேலே நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு. ஆக நூற்று நாற்பத்து நான்கு வீடுகள். விற்றது பதினொன்று. மார்ச் முடிவதற்குள் அறுபதைத் தொடவில்லை என்றால் எங்கள் பிரிவையே கலைத்துவிடுவார்களாம். ஒதுக்கீட்டுப் பிரிவுக் கண்காணிப்பாளர் இரா. அழகுமலை, அதாவது நான், ஒசூருக்குப் போக வேண்டியதுதான் என்று செயற்பொறியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாகப் படுக்கை. அவரை வைத்துக்கொண்டு ஒசூரில் எந்த வீட்டைத் தேடுவது? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 9, வியாழன்

கஸ்டமர் எவரும் வரவில்லை. எனவே கற்றது எதுவும் இல்லை.

நல்லவர்களைப் பற்றி எழுதினால் தப்பில்லை. எங்கள் வீட்டு உரிமையாளர் ரத்தினவேல் கீழ்வீட்டில் இருக்கிறார், நாங்கள் மாடியில். பதினான்கு வருடத்தில் ஒரு குழாய் வாஷர் மாற்றித் தந்ததில்லை. ஆனால் ஆறு மாதமாக மனிதர் அடியோடு மாறிவிட்டார். தினமும் காலையில் நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது வாசலுக்கே வந்து, “அப்பா எப்படி இருக்காங்க? மூச்சுகீச்செல்லாம் நல்லா விடுறாங்களா?” என்று கேட்கிறார். பெற்ற பிள்ளை நானே இத்தனை முறை கேட்டதில்லை. இதை மங்கையிடம் சொன்னேன். என் மனைவி சட்டியை ணங்கென்று வைத்தாள். அவளுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தை பிறந்தால் வழி பிறக்கும். அப்பா இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார். ரத்தினவேல் மாடிக்கே வந்து, இந்த வயதில் இவருக்கு நெய் எதற்கு என்று அக்கறையாகக் கண்டித்துவிட்டுப் போனார்.

ஜனவரி 22, புதன்

நிகில் சொன்னபடி சர்வே எடுத்தோம். செங்குளம் மேட்டைப் பார்க்க வந்து, பார்த்துவிட்டு, வாங்காமல் போன இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் விலாசம் எங்கள் பதிவேட்டில் இருந்தது. அவர்களிடம் ஒரே கேள்வி. ஏன் வாங்கவில்லை? கீழே கட்டங்கள்: தண்ணீர், பஸ், பள்ளிக்கூடம், விலை. கடைசிக் கட்டம், ‘மற்றவை (குறிப்பிடவும்)’. எதிரே ஒரு கோடு. படிவத்தை வடிவமைத்தது நான்தான்.

நூற்று அறுபத்தொரு பேர் ‘மற்றவை’யில் டிக் அடித்திருக்கிறார்கள். ஒருவர்கூடக் கோட்டில் எதையும் குறிப்பிடவில்லை.

“சார், இதுல என்னமோ இருக்கு” என்றாள் பரிமளா.

“கோடு காலியா இருந்தா பதில் இல்லைன்னு அர்த்தம். தள்ளுபடி செய்” என்றேன்.

மிச்சம் ஐம்பத்தொரு படிவங்களின்படி ஜனங்களுக்கு வேண்டியது தண்ணீரும் பஸ்ஸும். இன்று கற்றது: கஸ்டமருக்குப் படிவம் நிரப்பத் தெரியாது.

ஜனவரி 31, வெள்ளி

தண்ணீர் இரு வேளை விடப்படுகிறது. டவுன் பஸ் செங்குளம் மேடு வரை வந்து திரும்புகிறது. இரண்டுக்கும் நான் அலைந்த அலைச்சலை எழுதினால் இந்த டைரி போதாது.

ஒரு வீட்டை மாதிரி வீடாக அலங்கரித்திருக்கிறோம். சோபா, திரைச்சீலை, மேஜை மேல் பிளாஸ்டிக் ஆப்பிள்கள். இன்று முப்பது குடும்பம் பார்த்தது. எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வீடு நன்றாக இருக்கிறது என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். ஒருவர்கூட வாங்கவில்லை. ஓர் ஆப்பிளைக் காணவில்லை. இன்னொன்றில் பல் பதிந்திருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

இரண்டு நாளாக மாதிரி வீட்டில் நிற்காமல் படிக்கட்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தேன். வருகிற ஆம்பிளைகள் திருப்பத்தில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்க்கிறார்கள். ஒருவர் துண்டால் அளந்தார். இட்லிக் கடை வைத்திருக்கிற பஞ்சவர்ணம் என்ற அம்மாள் மூன்றாவது தடவையாக வந்தார். சேலைத் தலைப்பை விரித்துச் சுவருக்குச் சுவர் அளந்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார்.

“என்னம்மா அளக்குறீங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல சார். சும்மா” என்றார்.

சும்மாவா? எனக்கா தெரியாது? கட்டில்! தேக்குக் கட்டில் மாடிப்படியில் திரும்பாது. பெண்ணுக்குச் சீராக வந்த கட்டிலை விட்டுவிட்டு யார் குடிவருவார்கள்? நிகிலிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கி, “இதுதான் சார் கஸ்டமர் இன்சைட்” என்றார். இருபத்தொன்பது வருடத்தில் என் கையை யாரும் குலுக்கியதில்லை. சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன்.

பிப்ரவரி 10, திங்கள்

‘வீடு வாங்கினால் மடக்குக் கட்டில் இலவசம்.’ தட்டி வைத்தாயிற்று. எழுபது மடக்குக் கட்டில்கள் வந்து இறங்கிவிட்டன. வைக்க இடமில்லாமல் ஆவண அறையில் அடுக்கியிருக்கிறோம்.

பிப்ரவரி 19, புதன்

வீடு வாங்கியவர்கள்: இல்லை. வீடில்லாமல் கட்டில் மட்டும் கிடைக்குமா என்று கேட்டவர்கள்: பதினேழு.

சாப்பாட்டு இடைவேளையில் ஆவண அறைக் கட்டிலில் படுத்துத் தூங்கிய இருவருக்கு மெமோ கொடுத்தேன். மூன்றாவது ஆள் செயற்பொறியாளர். அவருக்குக் கொடுக்கவில்லை.

ரத்தினவேல் இன்று ஒரு யோசனை சொன்னார். அப்பாவைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாமே, நல்ல காற்று, ஆட்கள் இருப்பார்கள் என்றார். ஊரில் எங்களுக்கு வீடு இல்லை என்று விளக்கினேன். “அப்ப ஆசுபத்திரியில நல்ல ரூமா பாத்துச் சேத்துருங்க. நான்கூட வாரேன்” என்றார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு வீட்டு உரிமையாளரா!

அப்பாவிடம் சொன்னதற்கு, படுத்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பத்து நான்கு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். சத்தமாகப் பேசியே பழக்கம். இப்போதெல்லாம் பேச்சே குறைந்துவிட்டது.

பிப்ரவரி 22, சனி

இன்று செங்குளம் மேட்டில் கஸ்டமர் சந்திப்பு. ஷாமியானா, போண்டா, டீ. எண்பது பேர் வந்திருந்தார்கள். எண்பதும் போண்டாவுக்கு என்றுதான் நினைத்தேன்.

நிகில் திரை கட்டிப் படம் காட்டினார். ஒரு குடும்பம் வீட்டைப் பார்க்கிறது, பிடித்துப்போகிறது, வாங்குகிறது, பால் காய்ச்சுகிறது, பிள்ளைகள் படித்து வளர்கிறார்கள். கடைசிப் படத்தில் எல்லோரும் பால்கனியில் நின்று சிரிக்கிறார்கள். “ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டார்.

பின்வரிசையில் பஞ்சவர்ணம் எழுந்தார்.

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம்னா, அவ்வளவுதான் மேடம். சந்தோஷமா இருப்பாங்க.”

“இருப்பாக சரி. ஒருநா இல்லாமப் போவாகள்ல? இந்தப் படியில ஐஸ் பெட்டி ஏறுமா?”

முன்வரிசையில் ஒரு பெரியவர், “ஏம்மா, நல்ல காரியம் பேசுற எடத்துல என்ன பேச்சு இது?” என்று அதட்டினார்.

“பின்ன எங்கிட்டுப் போய்ப் பேசுறது? நீங்களும்தான அண்ணே நேத்து கைய விரிச்சு அளந்தீக?” என்றார் பஞ்சவர்ணம். பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

“சார், தப்பா எடுத்துக்கிறாதீக. போன ஆவணியில எங்க வீட்டுக்காரரு ஆசுபத்திரியில போயிட்டாரு. நாங்க இருக்கது வாடகை வீடு. உள்ள கொண்டுவரக் கூடாதுண்டு ஹவுஸ் ஓனரு வாசல்ல வந்து நின்டுட்டாரு. அவரயும் குத்தம் சொல்லக் கூடாது. நாளைக்கு இன்னொருத்தன் குடிவர மாட்டான்ல. ரோட்டோரமா ஆம்புலன்ஸ நிறுத்தி அரை மணி நேரம். வந்த சனம் கதவு வழியா எட்டிப் பாத்துட்டுப் போச்சு. இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்துன மனுசன ஒரு மணி நேரம் நீட்டிப் படுக்கப்போட எடமில்ல சார். எங்க மாமியாளுக்கு இப்ப எம்பது ஆகுது. என்னய எங்க படுக்கப்போடுவண்டு அது தெனமும் கேக்குது. நாங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்குறதுக்கு வாடகை வீடு போதும் சார். சொந்த வீடு மத்ததுக்குத்தான் தேடுறோம்.”

அவர் உட்கார்ந்தார். எண்பது பேரில் ஒருவர்கூட அவரைத் திட்டவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நூற்று அறுபத்தொரு காலிக் கோடுகள் என் கண்முன் வந்தன. புது வீட்டுப் படிவத்தில் அந்தக் காரணத்தை எந்த மனிதன் தன் கையால் எழுதுவான்? நான் தள்ளுபடி செய்யச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

ரத்தினவேல் வாசலில் நின்று அப்பாவின் மூச்சைப் பற்றி விசாரித்தார். நான் படியேறிவிட்டேன். உள்ளே வந்து மங்கையிடம், “உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டேன். “தெருவுக்கே தெரியும்” என்றாள்.

பிப்ரவரி 27, வியாழன்

படியில் பெட்டி ஏறுமா ஏறாதா என்று அலுவலகத்தில் இரண்டு கட்சி. விதிமுறைப்படிதான் படி கட்டப்பட்டிருக்கிறது என்றார் செயற்பொறியாளர். விதிமுறையில் ஐஸ் பெட்டி பற்றி ஒரு வரியும் இல்லை. நேரில் சோதித்துவிடுவது என்று முடிவு செய்து ஃப்ரீசர் பாக்ஸ் கடைக்குப் போன் போட்டேன்.

“அட்ரஸ் சொல்லுங்க சார். பாடி வந்துருச்சா?”

“பாடி இல்லை.”

“எப்ப வரும்?”

“வராது. இது ஒரு சோதனை.”

“சார், நீங்க நல்லாத்தான இருக்கீக?” என்றார் கடைக்காரர்.

பெட்டி வந்தது. நான்கு பேர் கீழே பிடித்தார்கள். வழி சொல்வதற்காக நான் தலைமாட்டுப் பக்கம் மேல்படியில் நின்றேன். முதல் மாடித் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நான்.

“செங்குத்தா நிப்பாட்டுனா திரும்பிரும்” என்றார் ஊழியர் ஒருவர்.

“பொட்டி நிக்கும்ணே. உள்ள இருக்குறவரு நிக்க மாட்டாரே” என்றார் கடைக்காரர்.

இதற்குள் குடியிருக்கும் பதினொரு குடும்பமும் கூடிவிட்டது. யார், எந்த வீடு என்று விசாரணை. ஒருவர் தரைத்தளத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட ஆரம்பித்தார். யாரோ ரோஜா மாலையோடு வந்துவிட்டார்கள். பெட்டியின் மூடி கண்ணாடி. கீழே இருந்து பார்த்தால் அதன் வழியாக என் முகம் மட்டும் தெரிந்திருக்கிறது. “ஐயோ, நேத்துக்கூட தண்ணி வருதான்டு கேட்டுட்டுப் போனாரே ஆபீசரய்யா!” என்று ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்கக் கையை ஆட்டினேன். அதனால் இன்னும் இரண்டு பேர் அலறினார்கள்.

நாற்பது நிமிடம் கழித்து, கைப்பிடிக் கம்பியை அறுத்துத்தான் என்னை வெளியே எடுத்தார்கள். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளையாருக்குப் போட்டார்கள். எனக்குச் சூடாகக் கடுங்காப்பி கொடுத்தார்கள். இந்த மாதிரிச் சமயத்தில் அதுதான் கொடுப்பது வழக்கம். குடித்தேன்.

மாலை போட வந்தவர், “எங்களுக்காகவா சார் ஏத்திப் பாத்தீக?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வெகுநேரம் என் கையை விடவில்லை.

மார்ச் 3, திங்கள்

காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் முப்பத்தெட்டு பேர். ஜாதிச் சான்று வாங்க வந்தவர்கள் இடம் மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்து தாலுகா ஆபீசுக்கு வழி சொன்னேன். இல்லை, செங்குளம் மேடாம். ‘ஐஸ் பெட்டிக்குள்ள தானே ஏறிப் படுத்துப் பாத்தாராமே, அந்த ஆபீசரு யாரு?’ என்று ஊர் முழுக்கப் பேச்சாம். ஏறிப் படுக்கவில்லை என்று திருத்தினேன். யாரும் நம்பவில்லை.

எல்லோருக்கும் ஒரே கேள்வி. படியில் பெட்டி ஏறாதது தெரிந்துவிட்டது, இனி என்ன செய்யப்போகிறீர்கள்?

மார்ச் 6, வியாழன்

விடை பரிமளாவுக்குத் தோன்றியது. “பெட்டி எதுக்கு சார் மேல ஏறணும்? கீழதான் அன்னைக்கு நாற்காலி போட்டாங்களே” என்றாள். தரைத்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில், பாதியை ஒதுக்கினால் பந்தல் போட்டு நூறு பேர் உட்காரலாம். ஒரு குழாய் வேண்டும். பெட்டிக்குத் தனியாக ஒரு பதினைந்து ஆம்ப்ஸ் பிளக் வேண்டும். அவ்வளவுதான்.

உத்தரவை நானே வரைந்தேன். தலைப்பு: ‘நீத்தார் நிகழ்வுகளுக்கான தற்காலிக இடவசதி.’ எட்டு நிபந்தனைகள். பரிமளா படித்துவிட்டு நான்காவதன் மேல் விரலை வைத்தாள்.

“‘இவ்வசதி கோருவோர் மூன்று நாட்களுக்கு முன்பாக விண்ணப்பிக்க வேண்டும்.’ எப்படி சார்?”

அடித்துவிட்டேன்.

செயற்பொறியாளர் தலைப்பைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். “நீத்தார்னு போட்ட தாள்ல எவன்யா முதல் கையெழுத்துப் போடுவான்? எனக்கே வர்ற மாசம் ஆஞ்சியோ” என்றார். ‘குடும்ப நிகழ்வுகளுக்கான பொது இடம்’ என்று மாற்றியதும் கையெழுத்திட்டார். நல்ல நேரம் பார்த்துத்தான்.

மார்ச் 12, புதன்

புது விளம்பரத் தாள். பால்கனியும் இல்லை, சிரிப்பும் இல்லை. ‘ஒவ்வொரு பிளாக்கின் கீழும் பந்தல் போட இடம், தண்ணீர்க் குழாய், 15 ஆம்ப்ஸ் பிளக். குடியிருப்போர் எவரையும் கேட்க வேண்டியதில்லை.’ கடைசி வரி என்னுடையது. வாங்கிப் படிப்பவர்கள் அந்த வரியில் விரலை வைத்து மனைவியிடம் காட்டுகிறார்கள். அதற்குமேல் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை.

இதுவரை நாற்பத்து நான்கு வீடு. புது உத்தரவுக்குப் பிறகு முதல் ஒதுக்கீடு பஞ்சவர்ணத்துக்கு. மாமியாரையும் ஆட்டோவில் கூட்டிவந்து பிளக்கைக் காட்டினார். கிழவி அதைத் தொட்டுக் கும்பிட்டது. மடக்குக் கட்டில் வேண்டுமா என்று கேட்டேன், ரெண்டா குடுங்க என்றார்.

நிகில் சென்னைக்குக் கிளம்பிவிட்டார். அறிக்கையின் நகலைப் பார்த்தேன். விற்பனை உயர்ந்ததற்குக் காரணம், மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி என்று போட்டிருக்கிறார். மற்ற ஊர்த் திட்டங்களிலும் பிளக் வைக்கச் சிபாரிசு செய்திருக்கிறார். நான் திருத்தவில்லை. எங்கேயாவது ஒரு நாள் உதவும்.

மார்ச் 17, திங்கள்

ரத்தினவேல் மாடிக்கு வந்தார். மகனுக்கு வரன் பார்க்கிறார்களாம், வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டுமாம், சித்திரைக்குள் காலி செய்து கொடுத்தால் நல்லதாம். அப்பா படுத்திருக்கும் பக்கம் பார்க்காமலே பேசினார். பஞ்சவர்ணம் சொன்னது ஞாபகம் வந்தது. அவரையும் குற்றம் சொல்லக் கூடாது. ஆனாலும் நான் சொன்னேன். பதினான்கு வருடத்தில் முதல் முறையாகச் சத்தம் போட்டேன். தொடங்கும்போது அப்பாவைப் பற்றி, முடிக்கும்போது குழாய் வாஷரைப் பற்றி.

அவர் போன பிறகு அப்பா கூப்பிட்டார். “ஏண்டா, உன் ஆபீசுலதான் வீடு விக்கிறீகளாம்ல. எனக்கு ஒரு டிக்கெட்டு கிழிக்க மாட்டியா?” என்றார்.

இருபத்தொன்பது வருடமாக ஊருக்கெல்லாம் வீடு ஒதுக்கியவன் நான். வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டேன். மங்கை கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறேன். காரணங்களை இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 19, புதன்

விண்ணப்பம் எழுதி தபால் பிரிவில் போட்டேன். முதல் மாடி வீடு.

மார்ச் 21, வெள்ளி

என் விண்ணப்பம் பரிசீலனைக்காக என் மேஜைக்கே வந்தது. துறை அனுமதிக் கடிதம் இணைக்கப்படவில்லை. விதி விதிதான். குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 22, சனி

விண்ணப்பம் வீட்டு விலாசத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. ஒரு போன் போட்டு நேரில் சொல்லியிருக்கக் கூடாதா? கஸ்டமரை என்ன பாடுபடுத்துகிறார்கள்!

மார்ச் 28, வெள்ளி

கணக்கு முடிந்தது. எழுபத்து மூன்று வீடுகள். ஒசூர் இல்லை.

வாங்கிய ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ‘இவ்வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம்?’ நான் போட்ட அதே கட்டங்கள். அனுமதிக் கடிதத்தை இணைத்து மறுபடி விண்ணப்பித்தேன்; அறுபத்தெட்டாவது ஒதுக்கீடு என்னுடையது. பரிமளா படிவத்தை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

தண்ணீரில் டிக் அடிக்கலாம். பஸ்ஸில் அடிக்கலாம். இரண்டும் நான் கொண்டுவந்தவை. பேனா எங்கே போகும் என்று எனக்கே தெரிந்திருந்தது. ‘மற்றவை’யில் டிக் அடித்தேன். எதிரே இருந்த கோட்டில் பேனாவை வைத்தேன். அப்பாவின் முகம் வந்தது. கோட்டைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பரிமளா வாங்கிப் பார்த்தாள். மற்ற படிவங்களோடு சேர்த்து வைத்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

செங்குளம் மேட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மங்கை துடைக்க விடவில்லை.

அப்பாவை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிவந்தோம். தரைத்தளத்தில், “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்றார். சுற்றிப் பார்த்தார். தூண்களை எண்ணினார். சுவரில் இருந்த பிளக்கைக் காட்டி, “இதுதானா?” என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “ஏண்டா மூஞ்சியத் தொங்கப்போடுற? நல்லா வெசாலமாத்தான இருக்கு” என்றார். பிறகு, பெட்டி சிக்கிய அந்தத் திருப்பத்தில், “முன்னாடி போ, முன்னாடி போ, வழிய மறிக்காத” என்று எங்கள் நான்கு பேரையும் அதட்டிக்கொண்டே மேலே வந்தார். அந்தக் குரலைக் கேட்டு இரண்டு வருடமாகிறது.

நான்கு நாளாக மனிதரைப் பிடிக்க முடியவில்லை. காலையில் நான்கு இட்லி. பதினோரு மணிக்கு டீ. ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, கீழே போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேச்சு. மேலே ஏறிவந்த பஞ்சவர்ணத்திடம், “ஒங்க மாமியாளுக்கு முந்தியா எனக்கு முந்தியா, பாப்போம்” என்று பந்தயம் கட்டுகிறார். இன்று டாக்டர் வந்து பார்த்துவிட்டு நாடி நன்றாக இருக்கிறது, மாத்திரை ஒன்றைக் குறைக்கலாம் என்றார்.

டாக்டர் போனதும், “என்னப்பா திடீர்னு இவ்வளவு தெம்பு?” என்று கேட்டேன்.

“பஸ்ஸுல பாத்துருக்கேண்டா” என்றார் அப்பா. “எறங்குற எடம் தெரியாதவன்தான் ஏறுனதுலருந்து படியில வந்து தவிச்சுக்கிட்டு நிப்பான். தெரிஞ்சவன் சீட்டுல சாஞ்சு உக்காந்துருப்பான்.” பிறகு மங்கையைக் கூப்பிட்டு, மத்தியானம் கறிக்குழம்பு வைக்க முடியுமா என்று கேட்டார்.